கப்பலில் போய்ப் பினாங்கில் ஒரு பகல்: செட்டிநாட்டுப் பக்கம் கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்தில் இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது. பிள்ளைகள் சிங்கப்பூரில் வேலையில் இருப்பார்கள். பேரப்பிள்ளையைப் பார்க்க ஊரிலிருந்து அப்பா அம்மா போனால், அடுக்குமாடி வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டாமென்று மூன்று நாலு இரவுக்கு ஒரு கப்பல் டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். மெரினா பே துறையில் ஏறினால் மலேசியாவின் பினாங்குத் தீவு, சில பயணங்களில் தாய்லாந்தின் புக்கெட்டும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். கப்பலுக்குள் எல்லாம் தானாக நடந்துவிடும், அதைப் பற்றி யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. நடுவில் தீவில் இறங்கும் அந்த ஒரு பகல்தான் எல்லோரையும் யோசிக்க வைக்கிறது. ஆச்சிமாரும் அண்ணன்மாரும் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை. பெரும்பாலும் பினாங்கைப் பற்றித்தான்.

கரையில் எத்தனை மணி நேரம் கிடைக்கும்?

அட்டவணையில் காலை 8 முதல் மாலை 6 வரை என்று போட்டிருந்தால் பத்து மணி நேரம் என்று கணக்குப் போடாதீர்கள். கப்பலைத் துறையில் கட்டி, அந்த ஊர் அதிகாரிகள் அனுமதி கொடுத்து, மூவாயிரம் நாலாயிரம் பேர் வரிசையாக இறங்க ஒரு மணி நேரமாவது போகும். கிளம்பும் நேரத்துக்கு அரை மணி அல்லது ஒரு மணி முன்னால் எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். நாம் அதற்கும் ஒரு மணி முன்னால் துறைமுகத்துக்கு வந்துவிடுவது நல்லது. எல்லாம் கழித்தால் ஆறு ஏழு மணி நேரம் மிஞ்சும். அதில் சாப்பாடு, ஒதுங்க இடம் தேடுவது, வெயிலுக்கு உட்காருவது போக, ஊர் பார்க்க நாலு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சில கப்பல்கள் பினாங்குக்கு மதியம் வந்து இரவு கிளம்பும். வெயில் தாழ்ந்து நடக்கலாம், மாலையில் கோவில் நடையும் திறந்திருக்கும் என்பதால் வயதானவர்களுக்கு அதுதான் வசதி. டிக்கெட் போடும்போதே பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரத்துக்கு வராவிட்டால் கப்பல் நிஜமாகவே போய்விடுமா?

போய்விடும். துறைமுகத்தில் நிற்கும் ஒவ்வொரு மணிக்கும் காசு, அடுத்த துறையில் இடம் பிடித்த நேரம் வேறு. கப்பல்காரர்களே நடத்தும் சுற்றுலாவில் போய்ப் பஸ் தாமதமானால் காத்திருப்பார்கள், அல்லது அடுத்த துறைக்கு அவர்கள் செலவிலேயே கொண்டுவந்து சேர்ப்பார்கள். நாமாகப் போய்த் தாமதித்தால் எல்லாம் நம் தலையில்தான். ஆள் வரவில்லை என்றால் அறையைத் திறந்து பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பார்த்து, அதைத் துறைமுக ஏஜென்டிடம் கொடுத்துவிட்டுப் போவது பல கப்பல்களில் வழக்கம். அப்புறம் விமானம் பிடித்துச் சிங்கப்பூர் திரும்ப வேண்டியதுதான்.

கடிகாரத்தை எந்த நேரத்துக்கு வைப்பது?

இதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஒரே நேரம், நம் நேரத்துக்கு இரண்டரை மணி முன்னால். தாய்லாந்து அதற்கு ஒரு மணி பின்னால். கப்பல் சில பயணங்களில் சிங்கப்பூர் நேரத்தையே வைத்துக்கொள்ளும், சிலவற்றில் கரை நேரத்துக்கு மாற்றிக்கொள்ளும். புக்கெட்டில் இறங்கியதும் உங்கள் போன் யாரையும் கேட்காமல் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் சிங்கப்பூர் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தால், போனைப் பார்த்து 'இன்னும் ஒரு மணி இருக்கிறது' என்று நீங்கள் உட்கார்ந்திருக்கும் வேளையில் ஏணியை எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இதற்குப் பழைய கைக்கடிகாரம்தான் மருந்து. இறங்கும் வாசலில் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்து அதே நேரத்தை வைத்துக்கொண்டு, ஏறும் வரை கை வைக்காதீர்கள். அங்கேயே பலகையில் கடைசியாக ஏற வேண்டிய நேரத்தை எழுதியிருப்பார்கள், அதையும் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

விசா, பாஸ்போர்ட்டெல்லாம்?

மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களை 30 நாள் வரை விசா இல்லாமல் விடுகிறது. இந்தச் சலுகையைக் காலக்கெடு வைத்து நீட்டித்துக்கொண்டு வருகிறார்கள், அதனால் கிளம்பும் மாதத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தாய்லாந்து விதியும் அவ்வப்போது மாறும். எல்லாவற்றையும்விட முக்கியம் சிங்கப்பூர் விசா. கப்பலில் வெளியே போய்த் திரும்பும்போது மறுபடி சிங்கப்பூருக்குள் நுழைகிறோம் அல்லவா? அதனால் பலமுறை நுழையும் விசாவாக இருக்க வேண்டும். ஒருமுறை விசாவோடு போனால் கப்பல் ஏறும் இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள்.

கரைக்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்பதை முதல் நாள் மாலை அறைக்கு வரும் தாளிலோ கப்பலின் ஆப்பிலோ சொல்வார்கள். கப்பல் கார்டு கட்டாயம் வேண்டும். பாஸ்போர்ட் அசலா நகலா என்பது ஊருக்கு ஊர் மாறும்.

கப்பல்காரர் டூரில் போவதா, நாமே போவதா?

புக்கெட் என்றால் அவர்களோடு போங்கள். பினாங்கு என்றால் வேண்டாம். புக்கெட்டில் பல கப்பல்கள் கடலிலேயே நங்கூரம் போட்டுவிட்டுச் சிறு படகில் கரை சேர்ப்பார்கள், பார்க்க வேண்டிய இடங்களும் தள்ளித் தள்ளி இருக்கின்றன. பினாங்கில் கப்பல் சுவெட்டன்ஹாம் துறையில் ஊரை ஒட்டியே கட்டுகிறது. வாசலைத் தாண்டினால் பினாங்கின் பழைய நகரமான ஜார்ஜ் டவுன். ஐந்து நிமிடம் நடந்தால் மணிக்கூண்டு, கோட்டை. இன்னும் கொஞ்சம் நடந்தால் மாலைக் கடையும் மல்லிகை வாசமுமாக லிட்டில் இந்தியா. இதற்கு எதற்கு ஆளுக்கு அவ்வளவு பணம்?

சரி, பினாங்கில் எங்கேதான் போவது?

மலையும் வேண்டும், கடலும் வேண்டும், பெரிய புத்தர் கோவிலும் வேண்டும் என்று பட்டியல் போடுகிறவர்கள் பாதி நாளைக் காருக்குள் கழித்துவிட்டு வருகிறார்கள். நம் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: துறைமுகத்துக்கும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கும் நடுவில் இருக்கும் நாலைந்து தெருக்களிலேயே பகலைச் செலவழியுங்கள். நம் பாட்டன் பூட்டன் 'கொண்டுவிக்க', அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன தெருக்கள் அவை.

துறையிலிருந்து வெளியே வந்ததும் வெள்ளை மணிக்கூண்டு நிற்கும். விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்து 1897ல் 60 ஆண்டு ஆனதற்காக ஒரு சீனப் பணக்காரர் செலவில் எழுப்பியது. ஆண்டுக்கு ஓர் அடியாக 60 அடி உயரம். பக்கத்திலேயே கார்ன்வாலிஸ் கோட்டை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் 1786ல் வந்து இறங்கிய இடம். கோட்டை என்றால் திருமயத்தை நினைத்துக்கொண்டு போகாதீர்கள், தாழ்ந்த மதில்தான். வெளியிலிருந்து பார்த்தால் போதும்.

அங்கிருந்து பினாங்கு ஸ்ட்ரீட், மார்க்கெட் ஸ்ட்ரீட் பக்கம் வந்துவிடுங்கள். பெயர்ப்பலகையில் லெபூ பினாங், லெபூ பாசார் என்று மலாயில் இருக்கும். வட்டிக்கடைக் கிட்டங்கிகள், அதாவது நம்மவர்கள் தங்கித் தொழில் நடத்திய கூடங்கள், வரிசையாக இருந்த இடம் இது. குயின் ஸ்ட்ரீட்டில் மகாமாரியம்மன் கோவில். 1833ல் கட்டியது, பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோவில். அடுத்த தெருவில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். 1801ல் தென்னிந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பியது. அதே சாலையில் சீனர்களின் குவான் யின் கோவில், 1818ல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். எல்லாவற்றையும் நிதானமாக நடந்தே பார்த்துவிடலாம். 2008ல் ஜார்ஜ் டவுனையும் மலாக்காவையும் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்ததற்கு இந்தக் கலப்புதான் காரணம்.

வீடு பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இன்னொன்று. சர்ச் ஸ்ட்ரீட்டில் பச்சைச் சாயம் பூசிய பெரனக்கான் (மலாய் வழக்கங்களோடு கலந்துபோன சீன வம்சத்தார்) மாளிகை இருக்கிறது, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு சீனத் தலைவர் கட்டியது. டிக்கெட் வாங்கி உள்ளே போனால் நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றி வார்ப்பிரும்புத் தூண், தரையில் பூப்போட்ட சீமை ஓடு. இரும்பு கிளாஸ்கோவிலிருந்து வந்தது, ஓடு இங்கிலாந்திலிருந்து வந்தது. வளவில், அதாவது நம் முற்றம் வைத்த வீட்டில், பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த முற்றத்தில் நின்றதும் எந்தப் பக்கம் பட்டாலை (உட்காரும் கூடம்) இருக்கும், எந்தப் பக்கம் இரண்டாம் கட்டுக்கு வழி என்று கால் தானாகத் திரும்பும். ஆனால் பெரனக்கான்காரர்கள் தங்கத்தை மரவேலையில் பூசிவிட்டார்கள். நம்மவர்கள் அதைப் பெட்டகத்தில் பூட்டி வைத்தார்கள். லீத் ஸ்ட்ரீட்டில் சியோங் ஃபட் ட்ஸே என்ற சீன வணிகரின் நீல மாளிகையும் உண்டு, ஐந்து முற்றம் வைத்தது. அங்கே கூட்டிப்போய்க் காட்டும் நேரம் குறிப்பிட்ட வேளைதான் என்பதால் நேரம் ஒத்துவந்தால் மட்டும்.

சுவர் ஓவியங்களைப் பார்க்க இளசுகள் துடிப்பார்கள். ஆர்மீனியன் ஸ்ட்ரீட்டில் நிஜச் சைக்கிளை வைத்து அக்கா தம்பி சவாரி போவது போல வரைந்தது, லித்துவேனியாக்காரர் எர்னஸ்ட் ஜகாரெவிச் 2012ல் போட்டது. படம் எடுக்க வரிசை நிற்கும். பேரப்பிள்ளைகள் நிற்கட்டும், நீங்கள் எதிர்க்கடையில் உட்கார்ந்து ஒரு காபி குடியுங்கள்.

ஐயா நடத்திய கிட்டங்கி எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா?

எல்லோருக்கும் முடியாது. வீட்டில் பழைய காகிதம் இருந்தால் வாய்ப்பு உண்டு. ஊரிலிருந்து கிளம்பும் முன் பெட்டகத்தையும் மேல் வீட்டு அலமாரியையும் ஒருமுறை கிளறிப் பாருங்கள். தேட வேண்டியவை: பினாங்கிலிருந்து வந்த கடித உறை, ஏஜென்டுக்கு எழுதிக் கொடுத்த சம்பளச் சீட்டு, பேரேட்டின் முதல் பக்கம், உண்டியல் (பணம் அனுப்பும் சீட்டு). அதில் கடையின் விலாசம், அதாவது அந்த முதலெழுத்து வரிசை, தெருப் பெயர், கதவு எண் மூன்றும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று யார் யார் போனார்கள் என்பதும் அந்தச் சீட்டுகளில் இருக்கும்.

காகிதத்தில் பிட் ஸ்ட்ரீட் என்று இருந்தால் இன்றைக்கு அது ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங். கிங், குயின், சர்ச் எல்லாம் அப்படியே லெபூ கிங், லெபூ குயின், லெபூ கெரேஜா. கட்டிடங்கள் நிற்கின்றன, உள்ளே இருப்பவர்கள் மாறிவிட்டார்கள். போருக்கு முன்னால் கட்டிய வீடுகளுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை மலேசிய அரசு 1997ல் ரத்து செய்து, 1999 கடைசியோடு முழுக்க விலக்கிக்கொண்டது. வாடகை ஏறியதும் பழைய குடித்தனங்களும் கடைகளும் கிளம்பின. யுனெஸ்கோ பட்டியலுக்குப் பிறகு அந்த இடங்களில் தங்கும் விடுதியும் காபிக்கடையும் வந்தன. உங்கள் ஐயா ஐந்தொகைக் கணக்கு போட்ட கூடத்தில் யாராவது கேக் தின்றுகொண்டிருக்கலாம், அதற்குத் தயாராகப் போங்கள்.

பினாங்கு ஸ்ட்ரீட்டில் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கோவில் வீடு இருக்கிறது. அங்கே மரியாதையாக ஊர், கோவில் பிரிவு, விலாசம் சொல்லிக் கேட்டால் விவரம் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்வார்கள். நேரம் காலம் பார்த்துப் போங்கள், பூஜை நடக்கும்போது கதை கேட்கக் கூடாது.

தண்ணீர்மலைக் கோவிலுக்குப் போக நேரம் இருக்குமா?

இருக்கும், துறையிலிருந்து காரில் இருபது நிமிடம் சொச்சம். ஆனால் தண்ணீர்மலையில் இரண்டு முருகன் கோவில் உண்டு, டிரைவரிடம் சரியாகச் சொல்லுங்கள். சாலையோரம் சமதளத்தில் இருப்பது 1857ல் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோவில். மலைமேல் இருப்பது பாலதண்டாயுதபாணி கோவில், அதற்கு 513 படி. இப்போதிருக்கும் பெரிய கோவில் 2012ல் குடமுழுக்கு ஆனது. முழங்கால் வலிக்காரர்கள் வெறும் 'முருகன் கோவில்' என்று சொல்லி ஏறினால் படிக்கட்டு அடிவாரத்தில் போய் நிற்பார்கள்.

நடை மதியம் சாத்திவிடுவார்கள், மாலையில்தான் திறப்பார்கள். காலையில் வரும் கப்பல் என்றால் இறங்கியதும் முதல் வேலையாகக் கோவிலுக்குப் போய்விட்டு, அப்புறம் ஊருக்குள் வாருங்கள். ஊர் எங்கும் ஓடிப்போகாது.

தைப்பூசத்தன்று கப்பல் போனால்?

கொடுப்பினைதான், ஆனால் மற்ற எதுவும் பார்க்க முடியாது. தைப்பூசத்துக்கு முதல் நாள் காலை கோவில் வீட்டிலிருந்து நகரத்தாரின் வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குக் கிளம்பும், பூசம் கழித்து அடுத்த நாள் திரும்பும். காரைக்குடியில் செய்து கப்பலேற்றி அனுப்பிய ரதம் என்பார்கள். நூறாண்டு தாண்டியும் ஓடுகிறது. 2017 முதல் மலைக்கோவிலின் தங்க ரதமும் போகிறது. வழியெங்கும் மலை மலையாகத் தேங்காய் குவித்து உடைப்பார்கள், சீனர்களும் நம்மோடு நின்று உடைப்பார்கள். சாலைகளை மூடிவிடுவதால் கார் கிடைக்காது. அன்று துறைமுகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தைத் தாண்டாதீர்கள். ரதம் கிளம்பும் தெருவே அந்தத் தூரத்துக்குள்தான் இருக்கிறது.

பினாங்கு மலை, கெக் லோக் சி புத்தர் கோவில்?

இரண்டும் ஆயர் ஈத்தாம் பக்கம், ஒன்றுக்கொன்று அருகில். மலை 833 மீட்டர். 1923 முதல் கயிற்றில் இழுக்கும் ரயில் ஓடுகிறது, இப்போதிருக்கும் பெட்டிகள் 2011ல் மாற்றியவை. ஏறச் சில நிமிடம்தான், வரிசையில் நிற்பது விடுமுறை நாளில் ஒரு மணியைத் தாண்டும். கப்பல் வந்த நாளென்றால் கப்பல் கூட்டம் முழுவதும் அங்கேதான் இருக்கும். ஏற்கெனவே ஒருமுறை பினாங்கு பார்த்தவர்கள் போகலாம்.

கடலில் குளிக்கலாமா?

பினாங்கில் அதற்காக நேரம் செலவழிக்க வேண்டாம். பத்து ஃபெரிங்கி கடற்கரை ஊரின் மறுபக்கம், தண்ணீரும் கலங்கல், சொறிமீன் வரும். நல்ல கடற்கரை புக்கெட், லங்காவி பயணங்களில் கிடைக்கும். மே முதல் அக்டோபர் வரை புக்கெட்டின் மேற்குக் கரையில் அலை பெரிது, உள்ளே இழுக்கும். சிவப்புக் கொடி நட்டிருந்தால் முழங்கால் அளவுகூட இறங்கக் கூடாது. 'நாங்கள் தொண்டிக் கடலில் நீச்சல் அடித்தவர்கள்' என்று சொல்லிக்கொண்டு இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

சைவக்காரர்கள் என்ன சாப்பிடுவது?

லிட்டில் இந்தியாவில் சைவக் கடைகள் இருக்கின்றன. இட்லி, தோசை, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் கிடைக்கும். ஊர்ப் பேச்சிலேயே கேட்டு வாங்கிச் சாப்பிடலாம்.

வெளியே சாப்பிட ஆசைப்பட்டால் கவனம் வேண்டியது பெலாச்சானில். புளிக்கவைத்த இறால் விழுது அது. கீரைப் பொரியல், சம்பல், பழக் கலவையான ரோஜாக் எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். 'காய்தான், கறி இல்லை' என்று கடைக்காரர் சொல்வது உண்மைதான், அவர் கணக்கில் இறால் விழுது கறியே அல்ல. சீனர்களின் சைவக் கடைகள் இந்த விஷயத்தில் நம்பகமானவை. புத்த வழக்கப்படி வெங்காயம் பூண்டுகூடப் பல கடைகளில் கிடையாது. ஆனால் இலையில் மீன் போலவும் கோழி போலவும் செய்து வைப்பார்கள், சோயாவும் கோதுமையும்தான். அதைப் பார்த்து ஆச்சிமார் முகம் சுளித்தால் ஒன்றும் செய்ய முடியாது.

அசைவக்காரர்கள் நாசி கண்டாரை விடக் கூடாது. ராமநாதபுரம், கடையநல்லூர்ப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம்கள் தோளில் தண்டு போட்டு இரு பக்கமும் சோறும் குழம்பும் தூக்கிக்கொண்டு துறைமுகக் கூலியாட்களுக்கு விற்றதில் தொடங்கிய சாப்பாடு. இப்போது கடையில் எவர்சில்வர் தொட்டிகளில் பத்துப் பதினைந்து வகை கொதிக்கும். தட்டில் வெள்ளைச் சோற்றைப் போட்டு, நீங்கள் கைகாட்டிய கோழியையோ மீன்தலையையோ வெண்டைக்காயையோ வைத்து, பரிமாறுகிறவர் கரண்டியை நாலைந்து தொட்டிகளில் மாறி மாறி முக்கிச் சோற்றின் மேல் ஊற்றுவார். மீன் குழம்பும் கோழிக் குழம்பும் பருப்பும் ஒன்றோடொன்று கலந்து தட்டோரம் வரை ஓடும். நம் வீட்டில் இப்படிக் கலந்தால் அப்பத்தா திட்டியிருப்பார். அங்கே அந்தக் கலப்புதான் ருசியே. விலையை எடுக்கும் பண்டத்தைப் பார்த்துச் சொல்வார்கள். பெரிய இறாலையும் மீன் முட்டையையும் கைகாட்டிவிட்டு அப்புறம் பில்லைப் பார்த்துத் திகைக்காதீர்கள்.

இனிப்பில் புலூட் ஹித்தாம் கேட்டு வாங்குங்கள். கறுப்பு ஒட்டரிசியைக் குழையக் காய்ச்சி மேலே தேங்காய்ப்பால் விட்டது. முதல் வாய் வைத்ததும் கவுனி அரிசி என்று தெரிந்துவிடும். நாம் துருவிய தேங்காயும் சர்க்கரையும் நெய்யும் போட்டுக் கட்டியாகக் கிண்டுவோம், அவர்கள் கஞ்சிப் பதத்தில் விடுவார்கள். நம்முடையதுதான் மேல் என்பது என் கட்சி. செண்டோல் குடித்தால் வெயிலுக்கு இதம். ஐஸ், தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு, பச்சை நிறத்தில் இடியாப்பம் போல நெளிவது. சர்க்கரை நோயாளிகள் ஒரு கரண்டியோடு நிறுத்துங்கள்.

அப்பத்தாவுக்கு அதிகம் நடக்க முடியாது, கூட்டிப்போகலாமா?

கூட்டிப்போகலாம். ஆனால் சக்கர நாற்காலிக்கு ஜார்ஜ் டவுன் ஒத்துழைக்காது. கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதை நம் திண்ணையைத் தெரு முழுக்க நீட்டிவிட்டது போல இருக்கும், நிழல்தான், ஆனால் கடைக்குக் கடை உயரம் மாறும். நடுவில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருப்பார்கள், ஓரத்தில் ஆழமான சாக்கடை. கண்ணுக்கு முன்னால் தரையைப் பார்த்து நடக்க வேண்டும்.

முன்பக்கம் இருக்கை வைத்த மூன்று சக்கர மிதிவண்டி, பெச்சா என்பார்கள், அதில் உட்கார வைத்து ஒரு சுற்று வரலாம். ஏறும் முன் விலை பேசுங்கள். ஆளுக்கா வண்டிக்கா, அரை மணிக்கா ஒரு மணிக்கா என்பதையும் பேசிவிடுங்கள். இறங்கியபின் பேசினால் கேட்டதைக் கொடுக்க வேண்டியதுதான். வேறு இடங்களில் கப்பலிலிருந்து சிறு படகில் இறங்கவேண்டி வந்தால் அலையில் படகு ஏறி இறங்கும், கால் தூக்கி வைக்கத் தெம்பில்லாதவர்களைக் கப்பலிலேயே விட்டுவருவது பாவம் அல்ல. அன்றைக்குக் கப்பல் காலியாக இருக்கும், அவர்களுக்கு அது ராஜமரியாதை.

வெயில், மழை?

ஆண்டு முழுக்க முப்பது முப்பத்திரண்டு டிகிரி. நம் மே மாதத்துக்கு இது ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் வியர்வை காயாது, அதனால் களைப்பு சீக்கிரம் வரும். மதியத்துக்கு மேல் திடீரென்று மழை கொட்டி அரை மணியில் விட்டுவிடும். செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். குடையும் பருத்தித் துணியும் போதும். பட்டுச் சேலை கப்பல் இரவு விருந்துக்கு இருக்கட்டும்.

பணமும் போனும்?

ஒரு மலேசிய ரிங்கிட் நம் பணத்துக்கு இருபது ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் என்று மனக்கணக்குப் போட்டுக்கொள்ளலாம். காசு மாற்றும் கடைகள் லிட்டில் இந்தியாவிலும் பள்ளிவாசல் பக்கமும் வரிசையாக இருக்கின்றன, நிறையப் பேர் தமிழ் பேசுவார்கள். கப்பலுக்குள் மாற்றினால் நஷ்டம். சில்லறையாகக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள், பொதுக் கழிப்பறைக்கு வேண்டும். ஒரு நல்ல செய்தி, அங்கே தண்ணீர்க் குழாய் இருக்கும். கப்பலில் காகிதத்தோடு இரண்டு நாள் போராடியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இந்திய வங்கி அட்டைக்கு வெளிநாட்டுப் பயன்பாட்டை ஊரிலேயே ஆப்பில் திறந்துவிட்டுப் போங்கள். போனைக் கப்பலில் விமானப் பயன்முறையில் வையுங்கள். நடுக்கடலில் செயற்கைக்கோள் வழியாக ஒரு நெட்வொர்க் தானாகப் பிடித்துக்கொள்ளும். தேவகோட்டைக்குப் பேசிய ஐந்து நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் பில் வரும்.

என்ன வாங்கிவருவது?

ஜாதிக்காய். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்து நட்ட பயிர், இன்றும் பாலிக் புலாவ் பக்கத்தில் விளைகிறது. சதையைச் சர்க்கரையில் ஊறவைத்ததும் தைலமும் கிடைக்கும். தாவ் சார் பியா என்ற பாசிப்பயறு பூரண பிஸ்கட்டும் பிரபலம், ஆனால் சில கடைகளில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள், சைவக்காரர்களும் முஸ்லிம் நண்பர்களுக்கு வாங்குகிறவர்களும் கேட்டு வாங்குங்கள்.

பூப்போட்ட மங்குத் தூக்கும் அடுக்குக் கேரியரும் பழம்பொருள் கடையில் கண்ணைப் பறிக்கும். வாங்காதீர்கள். அதே சாமான் நம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் கிடைக்கிறது, பாதி அங்கிருந்து நம் ஆட்கள் கொண்டுவந்ததுதான். டுரியான் பழத்தைத் தெருவிலேயே தின்றுவிட்டு வாருங்கள், கப்பலுக்குள் விடமாட்டார்கள்.

அந்தக் காலக் கப்பலுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

தண்ணீர் ஒன்றுதான். 1926ல் கட்டிய ராஜுலா சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல பத்தாண்டுகள் ஓடியது. பெரும்பாலானவர்கள் மேல்தளத்தில் பாய் விரித்துப் போனார்கள், ஊறுகாய் ஜாடியும் அரிசிப் பையும் கூடவே. அதற்கு அடுத்து எம்.வி. சிதம்பரம் வந்தது, 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு அந்த வழியும் நின்றது. வங்கக் கடல் அவர்களை நன்றாகவே உலுக்கியது. நீங்கள் போவது மலாக்கா நீரிணை. சுமத்ரா ஒரு பக்கம் அணைபோலக் கிடப்பதால் பெரும்பாலும் குளம் மாதிரி இருக்கும். விடியற்காலையில் சில நேரம் சூறைக்காற்று வந்து போகும், அவ்வளவே. கரையில் இறங்கியபின் தரை ஆடுவது போல் இருந்தால் பயப்பட வேண்டாம், சிறிது நேரத்தில் சரியாகிவிடும்.

வானிலை காரணமாகக் கப்பல் தீவுக்கே போகாவிட்டால்?

கேப்டன் முடிவுதான் கடைசி. துறைமுகக் கட்டணத்தைக் கணக்கில் திருப்பிப் போடுவார்கள், கப்பல் டூருக்குக் கட்டிய பணமும் வந்துவிடும். நீங்களாகப் பேசிவைத்த கார் பணம் உங்கள் பாடு. அதனால் முன்பணம் கொடுக்காமல், இறங்கியபின் வண்டி பிடியுங்கள்.

திரும்பி ஏறும்போது சாப்பாடு கொண்டுவரலாமா?

பொட்டலம் பிரிக்காத பிஸ்கட், மிட்டாய் சரி. சமைத்த உணவு, பழம், பூ, செடி கூடாது. கோவில் பிரசாதத்தில் விபூதி குங்குமத்துக்குச் சிக்கல் இல்லை. பொங்கலைத் துறைமுகத்துக்கு வெளியிலேயே ஆளுக்கு ஒரு கை சாப்பிட்டு முடித்துவிடுங்கள், மிச்சமிருந்தால் டிரைவருக்குக் கொடுங்கள்.